மூழ்கிய கண்டமும் நகர்ந்த கண்டமும்

குமரிக்கண்டம் பற்றி உரையாற்றுவோர் அண்மைக் காலமாக ஒரு பெயரைத் தவறாது உச்சரித்து வருகின்றனர். அது சங்கப் புலவர் பெயரன்று; உரையாசிரியர் பெயருமன்று. ஜேர்மானிய வானிலை ஆய்வாளரான அல்பிரட் வெகனரின் பெயர் அது. கண்டங்கள் நகர்ந்தன என்பதை மேனாட்டு விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது, எனவே தமிழரின் தொல்தாயகமான குமரிக்கண்டம் இருந்தமையும் நிறுவப்பட்டுவிட்டது என்பது அவர்தம் வாதம். 1981 இல் மதுரையில் நடைபெற்ற ஐந்தாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் திரையிடப்பட்ட தமிழக அரசின் ஆவணப்படமும் கண்ட நகர்வையும் கடல்கோளையும் ஒன்றாகப் பிணைத்தே கதை சொல்லிற்று. சங்கக் கூட்டங்களிலும் விவாத அரங்குகளிலும் பரீட்சை விடைத்தாள்களிலும் அவ்வாதம் இன்றளவும் உயிரோடு உலவுகின்றது.

இவ்வாதத்தின் பிழை முழுவதும் 'எனவே' என்ற ஒரு சொல்லிற் பொதிந்துள்ளது. கண்டங்கள் நகர்ந்தன என்ற கொள்கை மூழ்கிய கண்டத்துக்குச் சாட்சியன்று, அதற்கு எதிர்ச்சாட்சி. ஒரு வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியைத் தன் தரப்புக்கு அழைத்துக் கூண்டிலேற்றிவிட்டு, அவர் கூறுவதைக் கேளாமலே வெற்றி முழக்கமிடும் வழக்கறிஞரின் நிலை இது.

இலெமூரியா என்ற பெயர் தோன்றியது 1864 இல். விலங்கியலறிஞர் பிலிப் ஸ்கிளேற்றர் மடகஸ்காரின் பாலூட்டிகளை ஆராய்ந்தபோது, அங்கு மிகுதியாக வாழும் இலெமூர் இனத்துக்கு உறவான விலங்குகள் ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் காணப்படுவதை அவதானித்தார். இலங்கைக் காடுகளில் இரவில் விழித்திருக்கும் தேவாங்கும் அவ்வுறவினங்களுள் ஒன்று. கடலைக் கடக்கவியலாத விலங்கு கடலுக்கு இருபுறமும் வாழ்வதெவ்வாறு? இடையே ஒரு நிலப்பரப்பு இருந்து பின்னர் அமிழ்ந்திருத்தல் வேண்டும் என ஊகித்து, அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். அக்காலத்தில் இது நகைப்புக்குரிய ஊகமன்று. பூமி குளிர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றது, சுருங்குகையில் அதன் மேற்பரப்பின் சில பகுதிகள் உள்வாங்குகின்றன என்பதே அந்நாளைய புவிச்சரிதவியலின் பொதுக்கருத்து. கோண்ட்வானா நிலம் என்ற சொல்லை வழக்குக்குக் கொணர்ந்த எடுவாட் சூயஸ் என்ற ஒஸ்திரிய அறிஞரும் தென்கண்டங்களுக்கு இடைப்பட்ட நிலங்கள் இடிந்து கடலடியிற் சென்றன என்றே 1880களில் எழுதினார். மனிதகுலத்தின் தொட்டிலை இலெமூரியாவில் வைத்தார் ஹெக்கல். டார்வினோ 1871 இல் ஆபிரிக்காவையே பெரிதும் சாத்தியமான இடமாகச் சுட்டினார். பின்வந்த அகழ்வுகள் யாரை மெய்ப்பித்தன என்பதை விளக்க வேண்டுவதில்லை. அல்பிரட் றசல் வொலஸ், முதலில் ஸ்கிளேற்றரின் ஊகத்தை வரவேற்றவராயினும், 1880 இல் வெளிவந்த தமது தீவு வாழ்வு பற்றிய நூலில் அதனைக் கைவிட்டார். விலங்கியலார் கைவிட்ட பொருளைப் பிரமஞானியர் பொறுக்கியெடுத்தனர். 1888 இல் பிளவட்ஸ்கி அம்மையாரின் நூல் இலெமூரியாவை மறைஞானக் கண்டமாக்கியது. அங்கிருந்தும், ஆங்கில நிருவாகக் கையேடுகளிலிருந்தும், பாடநூல்களிலிருந்தும் அது தமிழ் எழுத்துக்குள் நுழைந்தது.

மூழ்கிய கண்டம் என்ற இந்த எண்ணத்தின் மீதே வெகனர் கைவைத்தார். 1912 ஜனவரியில் பிராங்பர்ட் நகரில் அவர் ஆற்றிய உரையும், 1915 இல் வெளிவந்த கண்டங்கள் சமுத்திரங்கள் ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூலும், கண்டங்கள் நகர்ந்தன என்று மட்டும் கூறி அமையவில்லை. கண்டங்கள் மூழ்கவியலாது என்பதை முதற்கண் நிறுவின. அவருடைய தருக்கம் எளியது. பூமியின் மேற்பரப்பில் இரண்டு மட்டங்களே பெருவழக்காக உள்ளன. ஒன்று கடல் மட்டத்துக்குச் சற்று மேலே. மற்றையது ஏறத்தாழ 4700 மீற்றர் ஆழத்தில். ஒரே வகைப் பாறையாலான மேற்பரப்பு ஆங்காங்கே உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்குமாயின் இடைப்பட்ட உயரமே மிகுதியாகக் காணப்படல் வேண்டும். அவ்வாறு இன்மையால், கண்டம் ஒரு பொருளாலும் சமுத்திரத் தரை வேறொரு பொருளாலும் ஆனவை. கண்டப் பாறை அடர்த்தி குறைந்தது. 35 கிலோமீற்றர் அளவிற்குத் தடித்தது. சமுத்திரத் தரை அடர்ந்த பசாற்றுப் பாறை. அதன் தடிப்பு 7 கிலோமீற்றர் அளவே. நீரில் மிதக்கும் மரக்கட்டையைப் போல் இலேசான கண்டம் அடர்ந்த அடிப்படையின் மேல் மிதக்கின்றது. மிதக்கும் கட்டையைத் தள்ளலாம். அது தானாகக் கற்போல் அடியிற் சென்று படியாது.

ஆகவே மூழ்குதலும் நகர்தலும் ஒரே வினாவுக்குத் தரப்பட்ட இரு மாற்று விடைகள். கடலின் இருகரைகளிலும் ஒத்த உயிரினங்களும் பாறைகளும் காணப்படுவதேன் என்பது வினா. இடையிலிருந்த நிலம் மூழ்கிற்று என்பது ஒரு விடை. இடையில் நிலமே இருக்கவில்லை, இருகரைகளும் ஒட்டியிருந்து பின்னர் விலகின என்பது மறுவிடை. இரண்டாவதை ஏற்பவர்க்கு முதலாவது தேவையற்றுப் போகின்றது. வெகனரை மேற்கோள் காட்டி இலெமூரியாவை நிறுவுவோர் அவர் நூலின் தொடக்க அதிகாரங்களைத் திறந்தாரல்லர் என்றே கொள்ளவேண்டியுள்ளது.

வெகனரும் பிழைவிட்டவரே. நகர்த்தும் விசை யாது என்பதற்கு அவர் தந்த விளக்கம் போதாதது என ஹரல்ட் ஜெவ்ரீஸ் போன்றோர் காட்டியது சரியே. கிறீன்லாந்து ஆண்டுதோறும் பல மீற்றர் நகர்வதாக அவர் நம்பினார்; உண்மையில் அது சில சென்ரிமீற்றர் மட்டுமே. 1930 இல் கிறீன்லாந்துப் பனிவெளியில் அவர் இறந்தபோது அவர் கொள்கையை ஏற்றோர் சிலரே. ஆனால் அவர் கூற்று அளந்து பொய்ப்பிக்கக்கூடியதாயிருந்தது என்பதே கவனிக்கற்பாலது. குமரிக்கண்ட வாதத்தில் இத்தகைய ஓர் எண்ணாவது உண்டா? எந்த ஆழத்தில், எந்தப் பாறை, எவ்வயதில் கிடைத்தால் தம் கருத்தைக் கைவிடுவர் என்பதை அவ்வாதிகள் ஒருபோதும் சொன்னதில்லை.

பழைய நிலப்படம் எவ்வாறு மீட்டமைக்கப்படுகின்றது என்பதை அறியாமையே இம்மயக்கத்துக்கு வளமான நிலமாதலின், அதனைச் சற்று விரித்து நோக்குதல் தகும். கரைகளைப் பொருத்துதல் முதற்படி. இன்றைய கடற்கரைக்கோடு கடல் ஏறி இறங்கும்போது மாறுவது. ஆதலால் 1965 இல் புல்லார்ட், எவரெற், ஸ்மித் ஆகியோர் கண்டச்சரிவில் ஏறத்தாழ 900 மீற்றர் ஆழத்திலுள்ள கோட்டை எடுத்துக் கணிப்பொறியின் துணையுடன் அத்திலாந்திக்கின் இருகரைகளையும் பொருத்தினர். கோளமொன்றின் மேல் எந்த நகர்வையும் ஓர் அச்சைப் பற்றிய சுழற்சியாகக் காட்டலாம் என்னும் ஒயிலரின் 18 ஆம் நூற்றாண்டுத் தேற்றம் இதற்குக் கைகொடுத்தது. பொருந்திய விளிம்பின் இருபுறமும் ஒரே பாறைத்தொடரும் ஒரே உயிர்ச்சுவடும் தொடர்கின்றனவா என்று பார்த்தல் அடுத்தது. குளொசொப்தெரிஸ் என்னும் தாவரத்தின் இலைச்சுவடு இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அந்தாட்டிக்காவிலும் கிடைக்கின்றது. தென்னாபிரிக்கரான து தொயிற் 1937 இல் வெளியிட்ட நூலில் இவ்வகைச் சான்றுகளை மலைபோற் குவித்தார்.

இவற்றினும் வலியது பாறையின் காந்தம். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது அதிலுள்ள இரும்புக் கனியங்கள் அவ்வேளைப் புவிக்காந்தப் புலத்தின் திசையைப் பதித்துக்கொள்கின்றன. அப்புலம் மத்தியகோட்டில் கிடையாகவும் முனைவில் நிலைக்குத்தாகவும் அமைவதால், பதிந்துள்ள சாய்விலிருந்து அப்பாறை எந்த அகலக்கோட்டில் தோன்றியது என்பதைக் கணிக்கலாம். 1950களில் பிரித்தானிய ஆய்வாளர் தக்காணத்தின் எரிமலைப் பாறைகளை இவ்வாறு ஆராய்ந்தபோது, இன்று வட அரைக்கோளத்தில் உள்ள அப்பாறைகள் தென் அரைக்கோளத்திற் பிறந்தவை எனத் தெரியவந்தது. அவற்றின் வயது 66 மில்லியன் ஆண்டுகள். பிறந்த இடம் தென் அகலக்கோடு 30 பாகையை அண்டியது. அன்றிலிருந்து தக்காணம் கடந்துவந்த தூரத்தை வகுத்துப் பார்ப்பின் ஆண்டொன்றுக்குச் சராசரி 8 சென்ரிமீற்றர் வருகின்றது. இம்முறைக்கு ஒரு குறையுண்டு. அகலக்கோட்டைக் காட்டுமேயன்றி நெடுங்கோட்டைக் காட்டாது. அக்குறையை நீக்கியது கடலடி.

அந்தக் கடலடி வேறெங்குமன்று, இந்து சமுத்திரத்திலேயே உள்ளது என்பது விதந்து கூறத்தக்கது. 1962 இல் பிரித்தானிய அளவைக் கப்பலான ஓவன், அரபிக் கடலுக்குத் தெற்கேயுள்ள கால்ஸ்பேர்க் முகட்டின் மேல் காந்த அளவீடுகளை நடத்திற்று. அவ்வளவீடுகளைக் கொண்டு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டிரமண்ட் மத்தியூஸும் அவருடைய ஆய்வு மாணவரான பிரெட் வைனும் 1963 இல் வெளியிட்ட கட்டுரை புவிச்சரிதவியலின் போக்கையே மாற்றியது. முகட்டின் பிளவினூடாக மேலெழும் குழம்பு இறுகிப் புதுத்தரையாகின்றது; அத்தரை இரண்டாகப் பிளந்து இருபுறமும் விலக, நடுவே மீண்டும் புதுத்தரை தோன்றுகின்றது. புவிக்காந்தம் காலத்துக்குக் காலம் திசை மாறுவதால், ஒரு திசையிற் காந்தமுற்ற தரையும் எதிர்த்திசையிற் காந்தமுற்ற தரையும் முகட்டின் இருமருங்கும் மாறிமாறி வரிகளாகப் படிகின்றன. வலப்புற வரிக்கு இணையான வரி இடப்புறத்திலும் உண்டு. ஒரே வயதுடைய இரு வரிகளையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி கோளத்தின் மேல் திருப்பினால், இடையிலுள்ள இளைய தரை மறைந்து அவ்வயதுக்குரிய பழைய கடல் வெளிப்படும். இவ்வாறு வரிவரியாகச் சுருட்டிச் சென்று இந்து சமுத்திரத்தின் வரலாற்றை மீட்டமைத்த பெருங்கட்டுரை 1971 இல் வெளிவந்தது. அதனை எழுதியோர் டான் மக்கென்சியும் ஜோன் ஸ்கிளேற்றரும். இலெமூரியாவுக்குப் பெயரிட்டவரின் குடும்பப் பெயரையே தாங்கிய மற்றொருவர் அதன் மீது கடைசி மண்ணையும் அள்ளிப் போட்டமை வரலாறு செய்த சிறு குறும்பு எனலாம்.

இச்சுருட்டலின் முடிவு யாது? இந்தியாவுக்கும் மடகஸ்காருக்கும் இடைப்பட்ட கடல் தரையை முழுவதும் சுருட்டிவிட்டால் ஏறத்தாழ 88 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இரண்டின் கரைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. இடையில் மூன்றாவதொரு பெருங்கண்டத்துக்கு இடமே எஞ்சவில்லை. தெற்கே அந்தாட்டிக்காவிலிருந்து இந்தியா பிரிந்தது 130 மில்லியன் ஆண்டுகளை ஒட்டிய காலத்தில். ஆசியாவோடு அது மோதத் தொடங்கியது சுமார் 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளோ மொரோக்கோவிற் கிடைத்த 3 இலட்சம் ஆண்டு வயதினவே. நகர்ந்த நிலத்தின் மீது நின்று பாட ஒரு புலவனும் அன்று பிறந்திருக்கவில்லை. குரங்கினமும் மனிதக் கிளையும் பிரிந்திருக்கவில்லை.

இவ்வரலாற்றில் இலங்கைக்கு ஓரிடம் உண்டு. அதனைக் குமரிக்கண்ட வாதிகள் கண்டுகொள்வதில்லை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு பழம்பெரும் உருமாறிய பாறை. கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வெளித்தெரியும் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்ட்வானா ஒன்றிணைந்தபோது புவியோட்டின் அடியாழத்தில் வெந்தவை. அவற்றோடு ஒத்த பாறைகள் கேரளத்திலும், மடகஸ்காரிலும், அந்தாட்டிக்காவின் லுற்சோ ஹொல்ம் குடாவை ஒட்டியும் உள்ளன. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள தப்போவையில் யூரா காலத் தாவரச் சுவடுகள் கிடைக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாடோ முற்றிலும் வேறு. அது மயோசீன் காலக் கடலிற் படிந்த சுண்ணக்கல். கிணறு தோண்டுவோர் நாள்தோறும் வெட்டியெடுக்கும் அக்கல்லில் கடலுயிர்களின் எச்சங்கள் பதிந்துள்ளன. கடல்கொண்ட நாட்டைக் கனவு காண்போர் நிற்கும் தரையே கடல் தந்த நாடு.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் நோக்குதல் முறை. 2013 இல் ரோஸ்விக் என்னும் நோர்வே அறிஞரும் அவர் குழுவினரும் மொறீசியஸ் தீவின் கடற்கரை மணலில் மிகப் பழைய சேர்க்கன் மணிகள் இருப்பதை வெளியிட்டனர். 2017 இல் தென்னாபிரிக்க ஆய்வாளர் அஷ்வாலின் குழு அத்தீவின் எரிமலைப் பாறைக்குள்ளேயே 3000 மில்லியன் ஆண்டளவான சேர்க்கனைக் கண்டது. மொறீசியஸின் எரிமலைகள் 10 மில்லியன் ஆண்டுக்குட்பட்டவை. எனவே அடியில் பழைய கண்டத்துண்டு ஒன்று புதைந்துள்ளது. அதற்கு மொறீசியா எனப் பெயர். செய்தித்தாள்கள் மறைந்த கண்டம் எனத் தலைப்பிட்டன. தமிழ்ப் பத்திரிகை உலகுக்கு அது போதுமானதாயிற்று. ஆனால் அத்துண்டு யாது? இந்தியாவும் மடகஸ்காரும் பிரிந்தபோது இடையில் பிய்ந்து, இழுபட்டு மெலிந்து, எரிமலைக் குழம்பால் மூடப்பட்ட சிதறல். சீஷெல்ஸின் கருங்கற்பாறைகளும் அத்தகையனவே. கண்ட ஓடு இழுபட்டு மெலியும்போது தாழ்ந்து நீருக்கடியிற் செல்லும் என்பது உண்மை. நியூசிலாந்தைச் சூழ்ந்த நிலப்பரப்பு அவ்வாறே பெரும்பாலும் நீரடியில் உள்ளது. அவ்வளவில் வெகனரின் மரக்கட்டை உவமை திருத்தம் வேண்டுவதே. எனினும் அம்மெலிவு பல மில்லியன் ஆண்டுகளில் நிகழ்வது, ஓரிரவுக் கடல்கோளன்று. மொறீசியா துண்டுபட்ட காலத்தில் உலகில் டைனோசர்கள் உலவின. அதில் பாண்டியன் அவை கூடியிருக்க வழியில்லை.

அங்ஙனமாயின் பழந்தமிழ் நூல்கள் கூறும் கடல்கோள் பொய்யோ எனக் கேட்கப்படும். பொய்யென்று யாரும் கூறவேண்டுவதில்லை. நூல்கள் சொல்வதைச் சொல்லியவாறு படித்தாற் போதும். பஃறுளியாறும் குமரியும் கடல்கொள்ளப்பட்டமையைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. முச்சங்க வரலாற்றை விரிப்பது அதற்குப் பிற்பட்ட இறையனார் அகப்பொருள் உரை. 49 நாடுகளையும் 700 காவத அளவையும் தருபவர் மேலும் பல நூற்றாண்டு கழிந்து வாழ்ந்த அடியார்க்கு நல்லார். காலம் செல்லச்செல்ல நிலம் பெருகிக்கொண்டே போவது கண்கூடு. இவர்களுள் எவரும் ஒரு கண்டம் மூழ்கியதாகக் கூறவில்லை. குமரிகண்டம் என்ற தொடர் வருவது, யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்டுதோறும் படனம் செய்யப்படும் கந்தபுராணத்தில். அங்கு அது பாரதவருடத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்று. கண்டம் என்பதற்குத் துண்டம் என்பதே பொருள். அது கடலில் ஆழ்ந்ததாகவும் இல்லை. பெருநிலப்பரப்பு என்ற இக்காலப் பொருளை அச்சொல்லின் மேலேற்றி, ஸ்கிளேற்றரின் ஊகத்தையும் அடியார்க்கு நல்லாரின் கணக்கையும் ஒட்டவைத்தது அண்மைய இரு நூற்றாண்டுகளின் கைவேலை. சொல்லாராய்ச்சியில் அயராது உழைத்த தேவநேயப் பாவாணரும் அவ்வொட்டின் மீதே தம் மொழிவரலாற்றை நிறுத்தினார். அவருடைய உழைப்பின் மதிப்பு அவ்வொட்டினாற் குறைந்ததேயன்றிக் கூடவில்லை.

கடல் நிலத்தைக் கொண்டமைக்குப் புவிச்சரிதவியல் தரும் உண்மையான சான்று வேறு. அது கண்ட நகர்வோடு தொடர்பற்றது. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று தரை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கால்நடையாகச் சென்றுவரலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் கரையிலும், 1976 உடன்படிக்கைக்கு முன் இலங்கைக் கப்பல்களும் மீன்பிடித்த அம்மேட்டிலும், அலைகளுக்குப் பதிலாக நிலம் இருந்தது. பனி உருகக் கடல் ஏறியது. சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன் இலங்கை தீவாயிற்று. கரையோர மக்கள் பின்வாங்கிய நினைவு எவ்வளவு காலம் வாய்மொழியில் தங்கும் என்பது ஆராயத்தக்க நல்ல வினா. அவ்வினாவை எழுப்ப விடாது அடைத்துக்கொண்டு நிற்பது மடகஸ்கார் வரை நீண்ட கற்பனைக் கண்டமே.

கலைப்பீட மாணவனுக்குப் பாறையும் காந்தமும் எதற்கு என்பார் உளர். அவன் அவற்றின் முடிவுகளைத் தன் கட்டுரையில் எடுத்தாள்கின்றான். ஆதலால் அவற்றின் வழிமுறைக்கும் அவன் பொறுப்பாளி. விஞ்ஞானபீட மாணவன் இது தன் பாடமன்று என்று வாளாவிருக்கின்றான். தமிழ் படிப்பவன் அது விஞ்ஞானம் கூறியது என்று தலைவணங்குகின்றான். இவ்விரு மௌனங்களுக்கும் இடையிலேதான் இலெமூரியா மிதக்கின்றது. யார் முதலில் வந்தார் என்பதே அரசியற் பூசலாகிவிட்ட இந்நாட்டில் இதன் விளைவு சிறிதன்று. தமிழர் தரப்பு முன்வைக்கும் பத்துச் சான்றுகளுள் ஒன்று முதலாண்டு மாணவனும் உடைக்கக்கூடியதாயின், ஏனைய ஒன்பதையும் படியாமலே ஒதுக்குவதற்கு அதுவே நியாயமாகக் காட்டப்படும். 1970 இல் பொம்பரிப்பிலும் கந்தரோடையிலும் நடந்த அகழ்வுகளும், 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையிற் கண்டெடுத்த முத்திரையும் மண்ணிலிருந்து வந்தவை, அளக்கப்பட்டவை, மறுக்க விரும்புவோரும் பார்த்தே மறுக்க வேண்டியவை. அவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தயங்கும் பேனா, குமரிக்கண்டம் என்றவுடன் பத்துப் பக்கம் ஓடுவதேன்?

இன்னுமொன்று. மேனாட்டார் தமிழரின் பழைமையை மறைத்தனர் எனச் சாடுவோர், தம் புலவர் மொழிக்கு மெய்ம்மை தேட 1864 இல் ஓர் ஆங்கிலேயர் குரங்கினத்து விலங்கொன்றை முன்னிட்டுக் கட்டிய ஊகத்தையே நாடுகின்றனர். அந்த ஆங்கிலேயரின் நாட்டவரே அதனைக் கைவிட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1972 இல் குளோமர் சலெஞ்சர் என்ற துளையிடு கப்பல் இந்து சமுத்திரத்தின் ஆழ்படுகைகளைத் துளைத்தது. சேற்றுப் படிவுகளுக்குக் கீழே அப்படுகைகளில் வந்தது பசாற்று. அங்கே ஒரு கண்டம் கிடக்கின்றது என்போர் அடுத்த மேடையில் ஏறுமுன், அந்தப் பசாற்றின் அடியில் அதனை எங்கே வைப்பர் என்பதற்கு மட்டுமேனும் விடை கூறட்டும்.